ஒரு நாளைக்கு ஆறு மரம்

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது. பேப்பர் படிக்க முடியாமல் அவருக்குக் கை ஓடவில்லை, அதனால் காலையில் நான்தான் படித்துக் காட்டினேன். ஒரு நாள், அந்தமான் நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கும் கிரேட் நிக்கோபார் தீவில் வரப்போகிற திட்டத்தைப் பற்றிய கட்டுரை. துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாம் சேர்த்து 72,000 கோடி ரூபாய், அதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு போகும், அரசுக் கணக்குப்படி 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படும் என்று இருந்தது. அந்த இடத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"திரும்பப் படி தாயி."

படித்தேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அவருடைய வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது, அதையும் சேர்த்தே எண்ணுவார்.

"எங்க செட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு மரம். பெரிய மரமாப் போச்சுன்னா நாலு. சரி, ஆறுன்னே வச்சுக்க. எத்தனை நாளாகும்னு பாரு."

போனில் வகுத்துப் பார்த்தேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம் நாளுக்கு மேல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம், தீபாவளி எதுவும் பார்க்காமல் ஒரு செட் ஆட்கள் தினமும் வெட்டினால் 440 வருடம். சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தது. நான் ஒரு மரம்வெட்டியின் மகள். நான் சாப்பிட்ட சோறு, படித்த படிப்பு, போட்ட பள்ளிச் சீருடை எல்லாம் லிட்டில் அந்தமான் காட்டு மரத்திலிருந்து வந்தவை. அந்தத் தீவில் என்ன நடந்தது, பிறகு அது எப்படி நின்றது, நின்றபோது எங்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர்கள் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே ஆரம்பிப்பார்கள்.

அப்பா ராமநாதபுரம் பக்கம். மழை பொய்த்த ஒரு வருடத்தில், 1979-இல், இருபத்திரண்டு வயதில் மெட்ராஸில் கப்பல் ஏறினார். மூன்று நாள் பயணம். அந்தமானில் வேலை இருக்கிறது, சோறு போடுவார்கள் என்று யாரோ சொன்னதுதான் அவருக்குத் தெரிந்தது. போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) சாத்தம் மரமில்லில் மூட்டை தூக்குகிற மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார். 1883-இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த மில் அது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட குண்டின் பள்ளத்தை இன்னும் அங்கே காட்டுவார்கள். அங்கே வேலை கிடைக்கவில்லை. ஒரு ஒப்பந்தக்காரர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார், அப்பாவைக் கப்பலில் ஏற்றி ஹட் பேக்கு அனுப்பிவிட்டார்.

ஹட் பே லிட்டில் அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் ஏழெட்டு மணி நேரம். தீவு மொத்தமே எழுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். கரையை ஒட்டி ஒரே ஒரு ரோடு, அதில் இத்தனையாவது கிலோமீட்டர் என்று சொன்னால்தான் ஊர் அடையாளம் புரியும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்களை அங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தியிருந்தார்கள். ஹர்மிந்தர் பேயில் கார் நிக்கோபாரிலிருந்து வந்த நிக்கோபாரிகள். காட்டில் மரம் வெட்டுகிற கூப்பு வேலைக்கு ராஞ்சி ஆட்கள், தெலுங்கர்கள், எங்களைப் போன்ற தமிழர்கள். எல்லோருக்கும் பொதுமொழி இந்தி, அதுவும் அந்தமான் இந்தி. நான் பிறந்து வளர்ந்தது அந்த ஹட் பேயில்தான்.

எங்கள் யாருக்கும் முன்னால், பல ஆயிரம் வருடங்களாக, அது ஓங்கே மக்களின் தீவு. 1901-இல் அவர்கள் 672 பேர் இருந்ததாகக் கணக்கு இருக்கிறது. அப்பா போய் இறங்கியபோது சுமார் நூறு பேர். 2011 கணக்கெடுப்பில் 101. நான் சிறுமியாக இருந்தபோது இந்த எண்கள் எதுவும் எனக்குத் தெரியாது. டுகாங் க்ரீக் பக்கம் அவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகக் கூடாது, போலீஸ் பிடிக்கும் என்பது மட்டும்தான் தெரியும்.

அப்பாவின் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் காட்டிலாகா ஆட்கள் போய் வெட்ட வேண்டிய மரத்தில் சுத்தியலால் முத்திரை அடித்து எண் போடுவார்கள். குர்ஜன், படாக், தூப், பபிதா, திது, சுக்லாம். படாக் நம் ஊர் வேங்கைக்கு உறவு, சிவப்பாக வைரம் பாய்ந்திருக்கும். தூப் நம் கருங்குங்கிலியத்தின் இனம், அது பிளைவுட்டுக்கும் தீக்குச்சிக்கும் போகும். குர்ஜன் மரங்கள் நூற்றைம்பது அடி வரைக்கும்கூட நிற்கும், அடியில் பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கு விரிந்திருக்கும், அதனால் மேடை கட்டி ஏறி நின்றுதான் வெட்டுவார்களாம். விழவேண்டிய பக்கம் கோடாலியால் வாய் வைத்து, எதிர்ப்பக்கம் இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தைப் போடுவார்கள். பிறகுதான் மோட்டார் ரம்பம் வந்தது. மரம் சாயும் முன் ஒரு முனகல் கேட்கும், அதற்குள் ஓடிவிட வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ஏனென்றால் அந்தக் காட்டில் எந்த மரமும் தனியாக நிற்பதில்லை. பிரம்பும் கொடியும் மேலே பத்து மரத்தைச் சேர்த்துப் பின்னி வைத்திருக்கும், ஒன்று விழுந்தால் பக்கத்து மரத்தின் தலையைப் பிய்த்துக்கொண்டு, இன்னொன்றை வேரோடு சாய்த்துக்கொண்டுதான் விழும்.

"முத்திரை ஒரு மரத்துக்குத்தான். விழுறது ஏழெட்டு," என்பார் அப்பா. "கணக்குல ஒண்ணுதான் வரும்."

விழுந்ததில் நேராக, ஓட்டையில்லாமல், சொன்ன சுற்றளவுக்கு இருக்கும் துண்டை மட்டும் அறுத்து எடுப்பார்கள். மற்றது அங்கேயே கிடந்து மக்கும். யானை கட்டி இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, லாரியில் ஏற்றி, ஜெட்டிக்கு. அந்த யானைகளும் எங்களைப் போலக் கப்பலில் வந்தவைதான். ஒரு தடவை சரிவில் தடி உருண்டபோதுதான் அப்பாவின் சுண்டுவிரல் போனது. ஹட் பேயில் கட்டுப் போட்டுவிட்டு நாலாவது நாள் வேலைக்குப் போயிருக்கிறார். அந்த நாலு நாள் கூலியை ஒப்பந்தக்காரர் தரவில்லை.

சலாய் இலை வேய்ந்த குடிசையில் ஒரு முகாமுக்கு முப்பது நாற்பது பேர். அட்டை, மணல் ஈ, மலேரியா. அரிசி, பருப்பு கப்பலில் வரும், கப்பல் வராவிட்டால் இல்லை. கறிக்குக் காட்டுப்பன்றிதான். கண்ணி வைத்துப் பிடிப்பார்கள், சிலர் நாயை விட்டுப் பிடிப்பார்கள். யாருடைய பன்றி என்று யாரும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. காட்டுப்பன்றிதான் ஓங்கேக்களின் முக்கிய உணவு, பன்றி, தேன், கடலாமை, மீன், கிழங்கு இதில்தான் அவர்கள் வாழ்க்கை ஓடுகிறது என்பதெல்லாம் பிறகு அவருக்குத் தெரிந்தது.

ஒரு சம்பவத்தை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். 1980களின் கடைசியில், முகாமுக்கு ஓங்கே ஆண்கள் இரண்டு பேர் வந்தார்களாம். எப்போதாவது வருவார்கள், புகையிலை, டீத்தூள் கேட்பார்கள். அன்று எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் வெந்துகொண்டிருந்த கறியைப் பார்த்துவிட்டு, உடைந்த இந்தியில், "நாங்கள் இரண்டு நாளாக நடக்கிறோம், பன்றி இல்லை" என்று சொன்னார்கள். முகாமில் இருந்தவர்கள் அவர்களை உட்காரவைத்துச் சோறும் கறியும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். "அவங்க வீட்டுப் பண்டத்தை எடுத்து அவங்களுக்கே விருந்து வச்சோம்," என்று சொல்லும்போது அப்பாவின் குரல் மாறிவிடும்.

இப்போது நிலக் கணக்கு. இது எனக்குப் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்தது.

1957-இல் லிட்டில் அந்தமான் முழுவதையும் பழங்குடிக் காப்பகமாக அறிவித்தார்கள். அதாவது தீவு முழுக்க ஓங்கேக்களுக்கு. பிறகு 1960களின் நடுவில் தில்லியில் ஒரு வளர்ச்சித் திட்டம் போட்டார்கள்: அகதிகளைக் குடியமர்த்துவது, காட்டை வெட்டி மரம் எடுப்பது, வெட்டிய இடத்தில் தோட்டம் போடுவது. 1972-இலும் 1977-இலும் காப்பகத்திலிருந்து நிலத்தை எடுத்தார்கள். மிஞ்சியது சுமார் 520 சதுர கிலோமீட்டர். அந்த 1977-இல்தான் அந்தமான் நிக்கோபார் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அந்தக் கழகத்துக்கு லிட்டில் அந்தமானில் மரம் எடுக்க 19,600 ஹெக்டேர் காடு ஒதுக்கப்பட்டது, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குச் சுமார் 1,600 ஹெக்டேர்.

கூட்டிப் பாருங்கள். தீவு சுமார் 73,000 ஹெக்டேர். அதில் 52,000 ஓங்கேக்களுடையது. மீதி 21,000. மரம் எடுக்க ஒதுக்கியதையும் செம்பனையையும் கூட்டினாலே 21,200 வந்துவிடுகிறது. அப்படியென்றால் வங்காளிக் குடும்பங்களின் வயலும் வீடும் எங்கே இருக்கிறது? நிக்கோபாரிகளின் தென்னந்தோப்பு, ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நாங்கள் இருந்த லைன் வீடு எல்லாம் எங்கே இருக்கிறது? எல்லாம் இந்த 21,000-க்குள்தான் இருக்க முடியும், ஆனால் இடம் இல்லை. ஆகவே மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு பகுதி ஓங்கேக்களின் காட்டிலிருந்து வந்தது. 1990களின் கடைசியில் ஆய்வாளர் பங்கஜ் சேக்சரியா போன்றவர்கள் வரைபடங்களை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து இதைத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். எந்தப் பக்கம் காப்பகம், எந்தப் பக்கம் கூப்பு என்று அப்பாவின் செட்டுக்கு யாரும் காட்டியதில்லை. முத்திரை இருந்தால் வெட்டு, அவ்வளவுதான் உத்தரவு.

சரி, ஓங்கேக்களின் நிலைமை இது. குடியேறியவர்களுக்காவது நல்லதாக இருந்ததா? கூலி வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு நினைவிருக்கிற முதல் சண்டையே தண்ணீர்ச் சண்டைதான்.

எங்கள் லைனுக்குப் பின்னால் ஒரு ஓடை உண்டு. நான் நாலைந்து வயதாக இருந்தபோது அதில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும், மார்ச் மாதத்தில்கூட முழங்கால் அளவு இருக்கும், அம்மா அதில்தான் துணி துவைப்பார். மேலே சரிவில் கூப்பு ஏற ஏற, மழைக்காலத்தில் அந்த ஓடை டீ நிறத்தில் கொட்டும், ஜனவரி முடிந்ததும் வெறும் கல்தான். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது பிப்ரவரியிலிருந்தே குடத்தை வைத்துக்கொண்டு குழியில் ஊறும் தண்ணீருக்கு வரிசை நின்றோம். வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில்! வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் சின்னத் தீவில் ஆறு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பெய்கிற மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும், அதைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது காட்டு மண்ணும் வேரும் சருகும்தான். மரத்தை எடுத்து, லாரி போகச் சரிவை வெட்டிவிட்டால் மழை மண்ணோடு சேர்ந்து நேராகக் கடலுக்குப் போய்விடும்.

போன மண் சும்மாவும் போகவில்லை. கரையை ஒட்டிய பவளப்பாறையில் படிந்தது. ஹர்மிந்தர் பேயில் எனக்கு ஒரு தோழி இருந்தாள், அவளுடைய தாத்தா மழைக்காலத்தில் கடலைக் காட்டி, "பார், காடு கடலுக்குள் இறங்குகிறது" என்பார். அவர் வலை போடும் இடம் வருடா வருடம் தள்ளிப் போனது. மேல் காட்டில் மரம் வெட்டுகிறவன் மகள் நான் என்று தெரிந்தும் அவர் வீட்டில் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

காட்டிலாகாக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: நாங்கள் மொட்டையடிப்பதில்லை, பெரிய மரத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி முளைக்க விடுகிறோம் என்று. அதற்கு அந்தமான் முறை என்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். தாளில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மறுபடி வரும் காடு பழைய காடாக வருவதில்லை. மேலே கூரை திறந்துகொள்கிறது, வெயில் அடிக்கிறது, ஈரம் போகிறது, விலைபோகிற மரமாகப் பார்த்து வளரவிடுகிறார்கள், பசுமை மாறாக் காடு இருந்த இடத்தில் இலையுதிர்க்கும் காடு வருகிறது. பின்னால் உச்ச நீதிமன்றம் அனுப்பிய ஆணையமும் இதை எழுதியது. அப்பா அதைத் தன் வழியில் சொல்வார்: "வெட்டின காட்டுல மறுபடி போனா, மத்தியானம் நிக்க முடியாது. பழைய காட்டுல மத்தியானமும் விளக்கு வேணும்."

வழக்குக்கு வருகிறேன். போர்ட் பிளேரில் சமீர் ஆச்சார்யாவின் சூழல் அமைப்பு, புனேயின் கல்பவிருட்சம், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் மூன்றும் சேர்ந்து, ஓங்கேக்களின் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தக் கேட்டு முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்புறம் அது உச்ச நீதிமன்றத்தில் கோதவர்மன் வழக்கோடு சேர்ந்தது. அந்தக் கோதவர்மன் வழக்கு ஆரம்பித்ததே நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காட்டிலிருந்துதான். 1995-இல் நிலம்பூர் கோவிலகத்துப் பெரியவர் டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூரில் மரம் வெட்டுவதைத் தாங்க முடியாமல் போட்ட மனு. அது ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி வந்து எங்கள் தீவின் ரம்பத்தை நிறுத்தும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2001 அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. சேகர் சிங் என்பவரை ஒரு நபர் ஆணையமாக அனுப்பினார்கள், 2002 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார், மே 7 அன்று உத்தரவு. தீவுகளிலிருந்து வெளியே மரம் போவது நின்றது. பழங்குடிக் காப்பகத்திலும் தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் கைவைக்கக் கூடாது, தீவுக்காரர்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் மற்ற இடங்களில் அளவோடு எடுக்கலாம் என்று ஆனது. செம்பனைத் தோட்டத்தையும் படிப்படியாக விடச் சொன்னார்கள். பிளைவுட் ஆலைகள் மூடின.

எங்கள் வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். இடைக்காலத் தடை வந்த வாரமே முகாமைக் கலைத்தார்கள். இருபது வருடம் மரம் வெட்டிய அப்பாவுக்குக் கடைசி மாதக் கூலி மட்டும். ஒப்பந்தக் கூலி என்பதால் எந்த நட்டஈட்டுப் பட்டியலிலும் பெயர் இல்லை. டீக்கடையில் எல்லோரும் நீதிமன்றத்தைத் திட்டினார்கள், வழக்குப் போட்டவர்களைத் திட்டினார்கள், ஓங்கேக்களைக்கூடத் திட்டினார்கள்: நூறு பேருக்காக நாங்கள் ஆயிரம் பேர் பட்டினி கிடப்பதா என்று. பதினாறு வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா தோட்டை விற்று, போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் ஒரு அறை பிடித்தோம். அப்பா கட்டட வேலைக்குப் போனார். என் படிப்பு ஒரு வருடம் நின்றது. ராஞ்சி ஆட்களின் நிலைமை இன்னும் மோசம். 1918-இலிருந்து அவர்களைக் காடு வெட்டுவதற்கென்றே சோட்டாநாக்பூரிலிருந்து கூட்டி வந்தார்கள், மூன்று தலைமுறை காடு வெட்டியும் பலருக்குத் தங்கள் பேரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

இதற்கெல்லாம் நான் யாரைக் குற்றம் சொல்வது? நிறுத்தியவர்களை இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஒரு தீவில் எவ்வளவு மரம் இருக்கிறது, எத்தனை வருடம் வரும் என்று தெரிந்தே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து ஆளைக் கூட்டி வந்து, அந்த ஒரே வேலையில் கட்டிப்போட்டு, மரம் தீர்ந்தாலும் சரி, தடை வந்தாலும் சரி, நடுரோட்டில் விடலாம் என்று திட்டம் போட்டவர்கள் இருக்கிறார்களே, கேள்வி அவர்களுக்குத்தான். வேலை கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் 1960களில் ஆரம்பித்தார்கள். இன்றும் அதையேதான் சொல்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது நாங்கள் ஹட் பேயில் இல்லை. கரையோரத்தில் நாங்கள் இருந்த லைன் முழுக்கப் போய்விட்டது, தெரிந்தவர்கள் பலரை இழந்தோம். டுகாங் க்ரீக்கிலும் சவுத் பேயிலும் இருந்த ஓங்கேக்கள் கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவர்கள் ஓடிப்போக ஒரு காடு மிஞ்சியிருந்தது என்று அப்பா சொன்னார். 2002 உத்தரவைப் பற்றி அவர் முதல் தடவையாக நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அப்போதுதான்.

2021 தொடக்கத்தில் லிட்டில் அந்தமான் மறுபடி செய்தியில் வந்தது. நிதி ஆயோக்கின் புதிய திட்டம்: தீவின் மூன்றில் ஒரு பங்கு, 240 சதுர கிலோமீட்டர், புது நகரத்துக்கு. விமான நிலையம், மருத்துவ நகரம், நிதி மையம், சுற்றுலாப் பகுதி. அதற்காக ஓங்கே காப்பகத்திலிருந்து மறுபடி 138 சதுர கிலோமீட்டர். அங்கிருந்த வன அதிகாரி ஒருவர் இருபது லட்சத்துக்கும் மேல் மரம் போகும், இதைச் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தார். அந்த அதிகாரியை எனக்குத் தெரியாது, ஆனால் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. பிறகு அந்தப் பேச்சு அடங்கியது, வேகம் எல்லாம் கிரேட் நிக்கோபாருக்குப் போய்விட்டது.

அங்கே நடப்பதைப் பார்த்தால் எனக்கு எங்கள் ஓடை நினைவுக்கு வருகிறது. கிரேட் நிக்கோபார் 910 சதுர கிலோமீட்டர். அங்கே ஷோம்பென் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், நிக்கோபாரிகள் இருக்கிறார்கள், 1969-இலிருந்து குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் இருக்கின்றன, அதில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சுனாமியில் மேற்குக் கரைக் கிராமங்களை இழந்த நிக்கோபாரிகளைக் காம்பெல் பே பக்கம் தகரக் கொட்டகைகளில் தங்கவைத்தார்கள், தங்கள் சொந்த ஊருக்குத் திரும்பிப் போக அனுமதியுங்கள் என்று அவர்கள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது அந்த நிலத்தில் ஒரு பகுதி திட்டத்துக்குள் வருகிறது. 2022 ஆகஸ்டில் அவர்களுடைய பழங்குடிக் கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கினார்கள். நவம்பரில் கவுன்சில் அதைத் திரும்பப் பெற்றது. எங்கள் ஊர் நிலமும் இதில் வருகிறது என்று எங்களுக்குச் சொல்லவில்லை, விவரத்தை மறைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதியே கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் முதற்கட்ட வன அனுமதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துவிட்டன.

வெட்டும் மரத்துக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து, "எங்கே?" என்று மூன்று தடவை கேட்டார். கொடியும் பிரம்பும் பின்னிக்கொண்டு, மத்தியானமும் விளக்கு வேண்டியிருக்கிற ஒரு காட்டுக்கு, வெயில் கொளுத்தும் ஹரியானாவில் நடும் கன்று எப்படி ஈடாகும்? அந்த மரம் வளர்ந்தாலும் நிழல் ஹரியானாவுக்கு. ஓடை வற்றுவது காம்பெல் பேக்காரர்களுக்கு.

காம்பெல் பேயில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் சிலரோடு பேசினேன். எல்லோரும் எதிர்க்கவில்லை. ரோடு வரும், ஆஸ்பத்திரி வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், உடம்புக்கு முடியாவிட்டால் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டாம் என்கிறார்கள். இந்த ஆசை எதுவும் தப்பில்லை. ஒரு அண்ணனிடம் கேட்டேன்: "ஆஸ்பத்திரிக்கு இத்தனை மரம் வெட்டணுமாண்ணே?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு நாப்பது மரம் போதும்மா" என்றார். அவருடைய தென்னந்தோப்பும் திட்ட எல்லைக்குள் வருமா என்று இன்னும் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லையாம்.

நான் கேட்பதெல்லாம் இதுதான்: அந்தத் தீவில் இருக்கிறவர்களிடம், வரைபடத்தை விரித்து வைத்து, அவர்கள் பாஷையில், எந்த ஓடை, எந்தத் தோப்பு, எந்தக் கரை என்று விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துங்கள். வெளியாளோடு பேசவே விரும்பாத ஷோம்பென் மக்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரம் வெட்டக் கூலிக்கு ஆள் கூட்டிப் போகப் போகிறார்கள் என்றால், ராமநாதபுரத்திலிருந்தோ ராஞ்சியிலிருந்தோ போகப்போகும் அந்தப் பையன்களுக்கு அந்த வேலை எத்தனை வருடம், அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

இதை எழுதி முடித்து நேற்று ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். முகாமில் முப்பது நாற்பது பேர் இல்லை, சில சமயம் அறுபதும் இருந்தோம் என்றார். பன்றிக்கறி சம்பவத்தில், வந்தவர்களில் ஒருவர் ரொம்பச் சின்னப் பையன், அவன் சாப்பிடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு வெட்டிப் போட்ட தடி மேலேயே உட்கார்ந்திருந்தான், அதை விட்டுவிட்டாய் என்றார்.

அவர் வெட்டியது பற்றி வரும் இடங்களில் கொஞ்சம் மென்மையாக, "வேலை பார்த்தார்" என்று எழுதியிருந்தேன். அதையும் மாற்றச் சொன்னார்.

"நான் வெட்டினேன்னே எழுது தாயி. நான்தான வெட்டினேன்."

மாற்றிவிட்டேன்.